இடக்கைக்காரியின் துவக்கு

கடைத் தரையில் விரித்திருந்த பச்சைக் கம்பளத்தின்மேல் என் நாத்தனார் வாசுகி குப்புறப் படுத்திருந்தாள். கால்களை அகட்டி, முழங்கைகளை ஊன்றி, கண்களை இறுக மூடியிருந்தாள். கையில் தொலைநோக்கி பூட்டிய ஒரு துப்பாக்கி.

கம்பளத்தில் ஏறுமுன் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தாள். அது ஒன்றுதான் அந்தக் காட்சியில் எனக்குப் பழக்கப்பட்ட விஷயம்.

நான் இரண்டு கைப்பைகளையும் ஒரு குடையையும் பிடித்துக்கொண்டு நின்றேன். நாயோடு வந்த ஒரு வயதான வெள்ளைக்காரர் அவளைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். நாய் மட்டும் நின்று அவளுடைய காலுறையை முகர்ந்து பார்த்தது.

"எழுந்திரு வாசுகி. ஆளுங்க பாக்கறாங்க," என்றேன்.

"பாக்கட்டும் அண்ணி. கண்ணை மூடிக்கொண்டு தோளில வைக்கவேணும். வச்சிட்டுத் திறக்கவேணும். திறந்த உடன தொலைநோக்கிக்குள்ள முழு வட்டமும் தெரிஞ்சால்தான் அது எனக்கு அளவான துவக்கு."

கண்ணைத் திறந்தாள். கழுத்தை நீட்டினாள். கன்னத்தை அப்படியும் இப்படியும் நகர்த்தினாள்.

"பாதிதான் தெரியுது."

கடைக்காரர் கீத் வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். வால்நட் மரத்தில் கடைந்த பிடி. மரத்தின் ரேகைகள் தேன் ஓடினது போல மின்னின. நானாக இருந்தால் அதைத்தான் வாங்கியிருப்பேன், சுவரில் மாட்டுவதற்கு. வாசுகி அதை ஒரு நிமிடம் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"வடிவாத்தான் இருக்கு. ஆனா ஸ்காட்லாந்து மலையில நாள் முழுக்க மழை. மரம் ஈரத்தில ஊதினால் குழலை நெருக்கும். குறி மாறிப்போயிடும்."

மூன்றாவது ஒரு பூதம். தடித்த குழல், எண்கள் பொறித்த திருகுகள், கீழே இரண்டு கால்கள். மலையின் இந்தப் பக்கம் படுத்து அந்தப் பக்கத்தைச் சுடலாம் என்றார் கீத். வாசுகி அதைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைக்குள் மேலும் கீழும் நடந்தாள். மாடிப்படியில் ஏறி இறங்கினாள். பிறகு மூச்சு வாங்க என்னிடம் கொடுத்தாள்.

"பிடிச்சுப் பாருங்கோ. இதைத் தூக்கிக்கொண்டு அஞ்சு மணித்தியாலம் மலை ஏற ஏலுமோ?"

எனக்கு ஐந்து நிமிடம்கூட ஏலாது.

துவக்கும் துப்பாக்கியும்

எங்கள் குடும்பத்தில் ஒருத்தி துப்பாக்கி வைத்திருக்கிறாள் என்று சென்ற வாரம் இந்தப் பத்தியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டீர்கள். அந்த ஒருத்தியின் கதை இது.

நான் திருச்சிக்காரி. வங்கி ஒன்றில் கணினி வேலைக்காக லண்டன் வந்தவள். கணவர் சிவநேசன் யாழ்ப்பாணத்துக்காரர். இருபது வயதைத் தாண்டுமுன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இங்கே வந்தவர். வாசுகி அவருடைய ஒரே தங்கை. சில வருடங்கள் கழித்து வேறொரு வழியாக, வேறு இரண்டு நாடுகளைச் சுற்றி வந்து சேர்ந்தாள். நாங்கள் ரெய்னர்ஸ் லேனில். அவள் லண்டனின் அடுத்த கோடியில், சட்டனில், தனியாக. ஒரு மருத்துவமனையின் அறுவைக்கூடத்தில் மூத்த நர்ஸ்.

நான் துப்பாக்கி என்பேன். அவர்கள் துவக்கு என்பார்கள். திருமணமான புதிதில் அந்தச் சொல்லை முதன்முதலாகக் கேட்டபோது எதையோ தொடங்கச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். என் கணவர் விளக்கவில்லை. அந்தச் சொல் வரும் பேச்சையே அவர் தவிர்ப்பார்.

ஹீத்ரோ விமான நிலையத்தில் ஆயுதம் ஏந்திய போலீஸ்காரர்கள் எதிரே வந்தால், பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஓர் உணவகத்தின் முன் நின்று விலைப்பலகையைப் படிக்க ஆரம்பித்துவிடுவார். அவர்கள் கடந்துபோகும் வரை ஒவ்வொரு வரியாகப் படிப்பார். மனிதருக்குப் பசிக்கிறதாக்கும் என்று நினைத்து நான் பல தடவை சாண்ட்விச் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதையும் மறுக்காமல் சாப்பிட்டிருக்கிறார்.

மலையில் பார்த்த மனிதர்கள்

வாசுகிக்கு மலை ஏறும் பைத்தியம் நாற்பது வயதுக்குமேல் வந்தது. கூட வேலை செய்யும் மயக்க மருந்து நிபுணர் மொய்ராதான் காரணம். மொய்ரா ஸ்காட்லாந்துக்காரி. விடுமுறை கிடைத்தால் இருவரும் வடக்கே போய், சாலை இல்லாத மலைகளில் கூடாரம் போட்டுத் தங்கிவிட்டு, முகமெல்லாம் பூச்சிக்கடியோடு வருவார்கள்.

அப்படி ஒரு பயணத்தில் ஒரு மலைக்காரர் சுட்ட கலைமான் ஒன்றைக் குதிரை முதுகில் ஏற்றி மலையிலிருந்து கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறாள். அந்த மலைகளில் ஓநாய் ஒழிந்து நெடுங்காலமாகிறது. மான்கள் பெருகி முளைக்கும் மரக்கன்றை எல்லாம் தின்றுவிடுகின்றன. அதனால் ஆண்டுதோறும் கணக்காகச் சுட்டுக் குறைக்கவேண்டியிருக்கிறது. இதையெல்லாம் மொய்ரா சொல்லியிருக்கிறாள்.

"அந்த மானைப் பாத்தன் அண்ணி," என்று வாசுகி ஒருநாள் என்னிடம் சொன்னாள். "பயந்த முகம் இல்லை. மேய்ஞ்சு கொண்டிருக்கேக்கயே போயிருக்கு. நாங்கள் கடையில வாங்கிற ஆட்டுக்கு அப்பிடி ஒரு சாவு கிடைக்கிறேல்லை. இறைச்சி சாப்பிடுறதெண்டால் இப்பிடித்தான் சாப்பிடவேணும் எண்டு நினைச்சன்."

அவளுடைய குணம் அது. ஒன்றைச் சரி என்று நினைத்துவிட்டால் அதன் அடிவரை போவாள். புத்தகங்கள் வாங்கினாள். தேர்வு எழுதினாள். மொய்ராவின் தயவில் ஒரு மலைப் பண்ணையில், அங்கிருந்த துப்பாக்கியால், பண்ணை ஆட்களின் கண்காணிப்பில் இலக்குப் பலகைகளைச் சுட்டுப் பார்த்தாள்.

படவில்லை. பட்டாலும் ஓரத்தில் பட்டது.

அதனால்தான் அவளுக்கென்றே அளவான ஒன்றைத் தேடி அந்தக் கடைக்கு வந்திருந்தோம்.

எந்தக் கண்?

கடைக்குத் திரும்புகிறேன். வாசுகி மறுபடி கம்பளத்தில் படுத்தாள். கீத் குனிந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் அவளே திடீரென்று எழுந்து உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களைச் சேர்த்து ஒரு சின்ன முக்கோண ஓட்டை செய்து, அதற்குள்ளே என்னைப் பார்த்தாள். ஒரு கண்ணை மூடினாள். பிறகு மற்றதை மூடினாள்.

சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"என்ன?"

"வலது கண்ணால பாக்கேக்க நீங்கள் காணாமப் போயிடுறியள் அண்ணி. என்ர இடது கண்தான் பாக்குது. நான் இவ்வளவு நாளும் பிழையான பக்கத்தால சுட்டிருக்கிறன்."

வாசுகி பிறவியில் இடக்கைக்காரி. சாப்பிடுவதற்கும் எழுதுவதற்கும் சின்ன வயதில் கையை மாற்றிவிட்டார்கள். கத்தரிக்கோல், ஊசி, அகப்பை எல்லாம் இன்றும் இடக்கைதான். துப்பாக்கியை முதல் தடவை கையில் வாங்கும்போது, பெரியவர்கள் முன்னால் சோற்றுத் தட்டை வாங்குவதுபோல வலக்கையை நீட்டிவிட்டாள்.

இப்போது இடத் தோளில் வைத்தாள். கண்ணை மூடினாள். திறந்தாள்.

"முழு வட்டம்."

சொல்லும்போது அவள் குரல் மாறியிருந்தது. ஆனால் உடனே வேறு சிக்கல். இந்த வகைத் துப்பாக்கியில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் ஒரு தாழ்ப்பாளை இயக்கவேண்டும். தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, இறக்கவேண்டும். நம் வீட்டுக் கதவின் நாதாங்கி போலத்தான், ஆனால் எண்ணெயில் வழுக்கும் எஃகு. அது வலது பக்கத்தில் இருந்தது. இடக்கைக்காரி அதைத் தொடக் குழலுக்குமேலே கையைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும்.

இடது பக்கத் தாழ்ப்பாளோடு கைவசம் எதுவும் இல்லை, தேடித் தருகிறேன், நாளாகும் என்றார் கீத். இதையே பழகிக்கொள்கிறவர்களும் உண்டு என்றும் சொன்னார்.

"காத்திருக்கிறன்," என்றாள் வாசுகி. காருக்கு நடக்கும்போது என்னிடம் சொன்னாள்: "ஒருக்கா மாத்திவிட்டாச்சு. இன்னொருக்கா மாற ஏலாது."

தோளின் பேச்சு

பக்கம் தெரிந்தது. அடுத்தது எவ்வளவு பெரிய தோட்டா என்ற கேள்வி. பெரிய தோட்டா தூரத்துக்குப் போனாலும் பலமாக இருக்கும். ஆனால் தோளில் பலமாக உதைக்கும். துப்பாக்கி இலேசாக இருந்தால் உதை இன்னும் கூடும். மலைக்கு இலேசானதுதான் வேண்டும். எதைக் கூட்டினாலும் எதையோ குறைக்கவேண்டியிருந்தது.

மொய்ரா உறுப்பினராக இருந்த ஒரு சுடும் கழகத்தின் விருந்தினர் நாளில் போய்ப் பார்த்தோம். காதுக்கு உறை போட்டுக்கொண்டு நான் பின்னால் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். வெடிமருந்தின் மணம் தீபாவளிக் காலை போல இருந்தது. அதை நினைத்ததற்காகக் கணவரிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

வாசுகி மொய்ராவிடம் ஓர் உதவி கேட்டாள். தோட்டாக்களுக்கு நடுவே, தன் கண்ணில் படாமல், மருந்து இல்லாத போலித் தோட்டா ஒன்றைக் கலந்து வைக்கவேண்டும். அது வரும்போது வெடிக்காது. 'டிக்' என்று மட்டும் கேட்கும். அந்த நேரம் குழலின் நுனி அசைந்தால் சுடுகிறவருக்குப் பயம் என்று பொருள். வெடிக்குமுன்பே உடம்பு ஒடுங்கிவிடுகிறது.

பெரிய தோட்டாத் துப்பாக்கியில் மூன்று வெடி. நாலாவது 'டிக்'. குழல் நுனி ஒரு சாண் கீழே குத்தியது. வாசுகியின் தோள் துள்ளியது எனக்கே தெரிந்தது.

பதின்வயது முழுவதும் வெடிச்சத்தத்துக்குள் வாழ்ந்தவள். அருகே போய் முதுகில் கை வைத்தேன்.

"பழசெல்லாம் ஞாபகம் வருதா வாசுகி?"

அவள் காது உறையைத் தூக்கிவிட்டு என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"பழசோ? இல்லை அண்ணி, தோள் நோகுது!"

பிறகு ஆறரை மில்லிமீட்டர் தோட்டா. எல்லோரும் 'ஆறரை' என்றே சொன்னார்கள். குழல் நுனியில் சத்தத்தையும் உதையையும் தணிக்கும் குழாய் ஒன்று பூட்டினார்கள். பல வெடிகளுக்கு நடுவே 'டிக்' வந்தது. நுனி அசையவே இல்லை. ஒரு மேசையின்மேல் வைத்த கரண்டி போலக் கிடந்தது. இலக்குப் பலகையில் விழுந்த ஓட்டைகளை என் உள்ளங்கையால் மூடிவிடலாம் போலிருந்தது.

பக்கத்தில் சுட்டுக்கொண்டிருந்த ஒருவர், பெரிய கலைமானுக்கு இன்னும் பெரியதுதான் நல்லது என்று அறிவுரை சொன்னார். வாசுகி நன்றி சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"சின்னதெண்டாலும் சரியான இடத்தில படுறதுதான் எனக்கு வேணும். பெரிசை வச்சிருந்து பயந்து சுட்டால் ஆருக்குப் பிரயோசனம்?"

முப்பது வருடம் கணினித் துறையில் இருந்திருக்கிறேன். தனக்கு எது முடியாது என்பதை இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டு, அதையே அளவாக வைத்துக் கருவி தேர்ந்தெடுத்த வேறொருவரை நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு

ஞாயிறு மதியம் வாசுகி வீட்டில் சாப்பிடுவது எங்களுக்கு வழக்கம். லண்டனைக் குறுக்கே கடந்து போவோம். இறால் குழம்பு வைத்த ஒரு ஞாயிற்றில் அவள் பேச்சைத் தொடங்கினாள்.

"அண்ணை, நான் லைசன்ஸுக்குப் போடப்போறன்."

"என்ன லைசன்ஸ்? கார் ஓடுறாய்தானே?"

"துவக்கு லைசன்ஸ்."

என் கணவரின் கை தட்டில் அப்படியே நின்றது. மலை ஏறப் போவது அவருக்குத் தெரியும். மற்றது தெரியாது.

"துவக்குக்குப் பயந்துதானே ஓடி வந்தனாங்கள்?"

"ஓம். அது ஆக்களைத் தேடி வந்த துவக்கு. இது மானுக்கு. அதுவும் அளவாத்தான். ரெண்டும் ஒண்டில்லை அண்ணை."

"எனக்கு ஒண்டுதான்."

"உங்களுக்கு அப்பிடித்தான் இருக்கும். அது எனக்கு விளங்குது. ஆனா நான் விடமாட்டன்."

"அப்ப, அது இருக்கிற வீட்டுக்கு நான் வரமாட்டன்."

கையைக் கழுவிவிட்டுக் காரில் போய் உட்கார்ந்தார். காரில் நான் ஏறியதும் சொன்னார்: "நீரும் அவளோட சேர்ந்து கடைக்குப் போனனீர், என்ன?" ஆமா என்றேன். அவர் வண்டியைக் கிளப்பினார்.

இந்த நாட்டில் அவர்களுக்கு இரத்த உறவு என்று வேறு யாரும் இல்லை. அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் நான் மட்டும் போனேன். ஒவ்வொரு தடவையும் புறப்படும்போது வாசுகி சோற்றையும் கறியையும் கட்டி என் கையில் தருவாள். "அண்ணைக்கு உறைப்புக் குறைச்சிருக்கிறன், இப்ப அவருக்கு நெஞ்செரிவு," என்பாள். அவர் சாப்பிடுவார். பாத்திரத்தைத் தானே கழுவி வைப்பார்.

அதிகாரி கேட்ட கேள்வி

விண்ணப்பித்தால் போலீஸ் தரப்பிலிருந்து ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்து பார்ப்பார். வாசுகியின் வீட்டுக்கு வந்தவர் ஒரு பெண். அன்று நானும் இருந்தேன்.

துப்பாக்கி வைக்கும் இரும்புப் பெட்டியைச் சுவரோடு பூட்டவேண்டும் என்பது விதி. வாசுகி அதைச் சேலை அலமாரிக்குள் சுவரில் பூட்டியிருந்தாள். அதிகாரி காஞ்சிபுரங்களை ஒவ்வொன்றாக விலக்கி, பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. ஒரு மாம்பழ நிறச் சேலையை மட்டும் கொஞ்ச நேரம் தொட்டுப் பார்த்தார்.

தேநீர் வந்தது. எதற்காகத் துப்பாக்கி, எங்கே பயன்படுத்துவாய், உடல்நலம் எப்படி என்று கேள்விகள் போயின. கடைசியில் கேட்டார்: "குடும்பத்தில் யாருக்காவது இதில் ஆட்சேபம் உண்டா?"

மேசைக்குக் கீழே அவள் காலை என் காலால் தட்டினேன்.

"ஆம். என் அண்ணனுக்கு," என்றாள் வாசுகி. காரணத்தையும் சொன்னாள். அவருடைய தொலைபேசி எண்ணையும் கொடுத்தாள்.

அதிகாரி போனதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன் சொன்ன? அவர் ஒரு வார்த்தை சொன்னாப் போதும், எல்லாம் போயிடும்."

"கேட்டவ, சொன்னன். அண்ணையை மறைச்சு எடுக்கிறதெண்டால் எனக்கு அது வேண்டாம்."

அழைப்பு வந்தபோது என் கணவர் சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். நான் கூடத்தில் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தேன். அவர் ஆங்கிலத்தில் பேசியது மட்டும்தான் எனக்குக் கேட்டது.

"ஆமாம். எனக்குத் துப்பாக்கி பிடிக்காது."

மறுமுனையில் ஏதோ கேட்டிருக்கவேண்டும்.

"இல்லை. அவள் குடிப்பதில்லை."

"கோபமா? வரும். இப்போதும் என்மேல் கோபமாகத்தான் இருக்கிறாள். ஒவ்வொரு ஞாயிறும் எனக்குச் சாப்பாடு அனுப்புகிறாள்."

கத்தியைக் கீழே வைக்கும் சத்தம்.

"என்னைக் கேட்டால் யாருக்கும் துப்பாக்கி வேண்டாம். யாருக்காவது கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால், என் தங்கைக்குக் கொடுங்கள்."

நான் உள்ளே போனேன். அவர் மறுபடி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னீங்க?"

"கேட்டதுக்கு உள்ளதைச் சொன்னன். உந்தக் கதவைத் திறந்துவிடும், கண் எரியுது."

இலேசான, கறுப்பான, அழகில்லாத

உரிமம் வந்தது. பிறகு கீத்திடமிருந்தும் செய்தி வந்தது.

வாசுகிக்கென்று வந்த துப்பாக்கியில் பார்க்க ஒன்றுமே இல்லை. மரம் இல்லை, மழையில் ஊதாத ஏதோ ஒரு கறுப்புப் பிடி. மங்கிய வெள்ளிநிறக் குழல். அவள் குள்ளம் என்பதால் பிடியின் அடியிலிருந்து இரண்டு துண்டுகளைக் கழற்றி நீளத்தைக் குறைத்திருந்தார் கீத். தாழ்ப்பாள் இடது பக்கத்தில் இருந்தது.

அவள் அதைத் தூக்கி, இழுத்து, தள்ளி, இறக்கினாள். கை தேடவில்லை. அறுவைக்கூடத்தில் சத்திரசிகிச்சை நிபுணரின் கை நீளுமுன் அவள் எப்படிக் கத்தரிக்கோலை எடுத்து வைப்பாள் என்று மொய்ரா சொல்லியிருக்கிறாள். அன்று அதைப் பார்த்தேன்.

சப்பாத்தைக் கழற்றினாள். கம்பளத்தில் படுத்தாள். கண்ணை மூடித் திறந்தாள். எழுந்து வந்து என் தோளில் நெற்றியை ஒரு கணம் வைத்துக்கொண்டாள்.

மலை

அந்த இலையுதிர்காலத்தில் வாசுகி, மொய்ரா, நான் மூவரும் ஸ்காட்லாந்து போக ஏற்பாடாகியிருந்தது. புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது மொய்ராவுக்கு ஷிப்ட் மாறிவிட்டது. அவ்வளவு தூரம் வாசுகி ஒருத்தியே ஓட்டுவது சரியில்லை. எனக்கு மோட்டார்வே பயம்.

"நான் ஓட்டுறன்," என்றார் என் கணவர். "அது பின்னால பெட்டியில கிடக்கட்டும். நான் திரும்பிப் பாக்கமாட்டன். மலைக்கும் வரமாட்டன்."

சாலை முடிந்த இடத்திலிருந்து நாங்கள் தங்கவேண்டிய குடிசைக்குப் பாதி நாள் நடை. அரிசி, பருப்பு, ஊறுகாய் எல்லாவற்றையும் அவர்தான் சுமந்தார். துப்பாக்கிக்கு முன்னால் நூறடி தள்ளியே நடந்தார். பண்ணையின் மலைக்காரர் யூவன் அங்கே காத்திருந்தார். எந்த மானைச் சுடலாம் என்று காட்டுவதும் அதன் அருகே கூட்டிப்போவதும் அவர் வேலை. அதிகம் பேசாத மனிதர்.

மறுநாள் மூவர் ஏறினோம். மதியத்துக்குப் பிறகு, ஒரு பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவில் யூவன் ஒரு கலைமானைக் காட்டினார். முதிர்ந்த ஆண். தொலைநோக்கியில் பார்த்தபோது அதன் மூச்சு புகையாகப் போவது தெரிந்தது. இவ்வளவு அழகான ஒரு பிராணியைச் சுடுவதா என்று நினைத்தேன்.

யூவன் கருவியால் தூரம் அளந்தார். "தூரம்தான். ஆனால் இந்தத் துப்பாக்கிக்கு முடியும்," என்றார்.

வாசுகி படுத்தாள். வெகுநேரம் பார்த்தாள். எங்கள் முன்னால் புல் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. பள்ளத்தின் நடுவே மூடுபனி இடப்பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. முகத்தை நிமிர்த்தினாள்.

"துவக்குக்கு ஏலும். எனக்கு ஏலாது," என்று என்னிடம் சொன்னாள். பிறகு அதையே யூவனிடம் ஆங்கிலத்தில் சொன்னாள்.

யூவன் தலையாட்டினார். அவர் முகம் கொஞ்சம் இளகியதுபோல எனக்குப் பட்டது. ஓர் ஓடைக்குள் இறங்கி, தண்ணீரில் வயிறு உரச, அருகே போகப் பார்த்தோம். நாங்கள் போய்ச் சேருமுன் மான் முகடு தாண்டிவிட்டது. மழை பிடித்துக்கொண்டது.

குடிசைக்கு வந்தபோது என் கணவர் வாசலில் நின்றிருந்தார். அவர் கால்சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது. மழை தொடங்கியதிலிருந்து அங்கேயே நின்றிருக்கவேண்டும்.

"வெடிச் சத்தம் கேக்கேல்லை," என்றார்.

"சுடேல்லை அண்ணை."

"மான் வரேல்லையோ?"

"வந்தது. தூரம்."

"தூரத்துக்கு எண்டுதானே அதைத் தேடித்தேடி வாங்கினனீ?"

"ஓம். ஆனா காத்து ரெண்டு பக்கமும் அடிச்சது. காயம் பட்டால் அது ஓடிப்போய் எங்கயோ கிடந்து துடிக்கும். அதுக்கு நான் வாங்கேல்லை."

வாசுகி படியில் உட்கார்ந்து சப்பாத்து நாடாவை அவிழ்க்கப் பார்த்தாள். விரல்கள் மரத்துப்போய் வளையவில்லை. அவர் எதிரே ஈரத்தில் உட்கார்ந்து, தங்கையின் காலைத் தூக்கித் தன் முழங்கால்மேல் வைத்து, முடிச்சைப் பல்லால் இழுத்து அவிழ்த்தார்.

"நாளைக்கு நானும் வாறன்," என்றார், குனிந்தபடியே.

அடுத்த காலை

வானம் வெளுத்திருந்தது. காற்று ஒரே பக்கமாக, மெதுவாக வந்தது. நாலு பேரும் போனோம். என் கணவர் கடைசியாக நடந்தார். கலைமான் ஒரு மேட்டின் மறுபுறம் இருந்தது. முந்திய நாளின் தூரத்தில் கால்வாசி இருக்குமோ என்னவோ, அவ்வளவு கிட்டத்தில். நாங்கள் புதருக்குள் கவிழ்ந்து படுத்தோம். அவர் முகத்தை மண்ணில் புதைத்துக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்தார்.

அது திரும்பி நிற்கும் வரை வாசுகி காத்திருந்தாள். அவளுடைய முதுகு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு மூச்சில் அது நின்றது.

வெடித்தது. எதிரொலி மலைகளைச் சுற்றிவந்து அடங்குமுன்பே அவள் இடக்கை தாழ்ப்பாளை இயக்கி முடித்திருந்தது. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

"விழுந்துவிட்டது," என்றார் யூவன்.

மண்ணுக்குள்ளிருந்து என் கணவரின் குரல் வந்தது.

"வாசுகி, அதுக்கு நொந்ததோ?"

"இல்லை அண்ணை." அவள் திரும்பவில்லை. "துவக்கு ரவை சத்தத்துக்கு முதலே போயிடும். அதுக்கு வெடி கேட்டே இருக்காது."

அவர் என் கையை விட்டார். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

மானின் அருகே போனதும் வாசுகி தொப்பியைக் கழற்றினாள். அதன் கழுத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு கையுறை போட்டுக்கொண்டு, செய்யவேண்டியதைச் சுத்தமாகச் செய்து முடித்தாள். குதிரை கீழே பாதையில் நின்றது. அதுவரை இழுத்துக்கொண்டு போகவேண்டும். யூவன் கொம்பில் கயிற்றைக் கட்டிவிட்டு, வழி பார்க்க முன்னே இறங்கினார்.

வாசுகி கயிற்றின் ஒரு நுனியை எடுத்தாள். மற்றதை எடுக்க நான் குனிந்தேன்.

"விடும். நீர் பைகளைத் தூக்கும்," என்றார் என் கணவர்.

கயிற்றை உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார். மானைப் பார்த்தார். பிறகு தங்கையின் தோளில் தொங்கிய அந்தக் கறுப்புத் துவக்கை, முதன்முறையாக, நேராகப் பார்த்தார்.

"எந்தப் பக்கத்தால?" என்று கேட்டார்.

"கீழ, அண்ணை. வழுக்கும், மெதுவா."

இருவரும் இழுக்கத் தொடங்கினார்கள்.